பாதை அதுவே, பிடிப்புதான் வேறு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. உராய்வு, மையநோக்கு விசை, உந்தம் என்றெல்லாம் வகுப்பில் படிக்கும்போது, 'தேர்வுத் தாளைத் தாண்டி இவை எதற்கு உதவப் போகின்றன?' என்று நானும் எண்ணியதுண்டு. அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் அறிவியல் மேதையின் நூல் அன்று. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி விடுமுறை நாட்களில் விளையாடும் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுதான்! அருட்சகோதரிகளும் பெற்றோர்களும் இதைப் படித்துப் புருவத்தை உயர்த்த வேண்டாம். கட்டுரையை முழுவதும் படித்தபின் தீர்ப்புக் கூறுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

என் தம்பிக்கு அந்த விளையாட்டில் ஒரு பந்தயப் பாதை மனப்பாடம். எந்த வளைவுக்கு முன் எந்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைப் பழைய கணக்கு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். "மஞ்சள் பலகை வந்ததும் பிரேக், மரத்தைத் தாண்டியதும் திருப்பு" என்பது போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். ஆறு மாதப் பயிற்சியில் அவன் நல்லதொரு நேரத்தையும் எட்டியிருந்தான்.

ஒரு சனிக்கிழமை, விளையாட்டின் தயாரிப்பாளர்கள் அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. அன்று முதல் வளைவிலேயே அவன் கார் பாதையை விட்டு வெளியேறிப் புல்வெளியில் போய் நின்றது. மறுமுறையும் அப்படியே. பத்து முறை முயன்றான். பத்து முறையும் புல்வெளிதான். "அக்கா, என் காரை யாரோ கெடுத்துட்டாங்க" என்று கண் கலங்கினான்.

பாதை அதுவே. காரும் அதே சிவப்புக் கார். தம்பியின் விரல்களும் அவையே. பின் எது மாறியது? புதுப்பிப்பைப் பற்றிய அறிவிப்பில் ஒரு சிறு வரி இருந்தது. கார்களின் இயக்க விதிகள் திருத்தப்பட்டுள்ளன என்பதே அதன் பொருள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

எண்களால் ஆன கார்

திரையில் ஓடும் காரில் இரும்பும் இல்லை, ரப்பரும் இல்லை. அது முழுவதும் எண்களே. காரின் எடை ஓர் எண். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ஓர் எண். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதும், சுருள்வில் எவ்வளவு விறைப்பானது என்பதும், டயர் சாலையை எவ்வளவு பற்றும் என்பதும் எண்களே.

இந்த எண்களைக் கொண்டு கணிப்பொறி இடைவிடாது கணக்குப் போடுகிறது. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினார், பிரேக்கை எவ்வளவு அழுத்தினார் என்று முதலில் பார்க்கிறது. அடுத்து, நான்கு டயர்கள் ஒவ்வொன்றின் மீதும் எவ்வளவு எடை இறங்குகிறது என்றும், அந்த டயரால் எவ்வளவு விசை தர முடியும் என்றும் காண்கிறது. எல்லா விசைகளையும் கூட்டி, காரின் நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கிறது. ஆம், 1687ஆம் ஆண்டில் நியூட்டன் தம் நூலில் வெளியிட்ட இரண்டாம் விதியேதான்! முடுக்கத்திலிருந்து புதிய வேகம், வேகத்திலிருந்து புதிய இடம். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் பன்முறை நடந்து முடிகிறது. அதன் பிறகே காரின் படம் திரையில் வரையப்படுகிறது.

ஆகவே, படத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றாமல், ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்; கார் வேறு காராகிவிடும்.

நம் பள்ளித் தாழ்வாரத்தை எண்ணிப் பாருங்கள். தினமும் மணி அடித்ததும் அந்தத் திருப்பத்தில் நாம் விரைந்து திரும்புகிறோம். தரையைக் கழுவிவிட்ட நாளில் அதே திருப்பத்தில் அதே வேகத்தில் போனால் என்ன ஆகும்? "ஓடாதே, தரை ஈரம்!" என்று சிஸ்டர் குரல் கொடுப்பதற்குள் கீழே விழுந்திருப்போம். தாழ்வாரமும் மாறவில்லை, நம் செருப்பும் மாறவில்லை. உராய்வு ஒன்றுதான் மாறியது. தம்பியின் காருக்கு நேர்ந்ததும் இதுவே.

ஒரு சிறு கணக்கு

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். கணக்கு எளிதாக இருப்பதற்காகக் காற்றின் தடையை விட்டுவிடுவோம்.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு இருக்கிறது என்று கொள்வோம். டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுக் குணகம் 1 என்க. வளைவில் கார் திரும்புவதற்குத் தேவையான மையநோக்கு விசையைத் தருவது டயரின் உராய்வுதான். உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் 9.8, வளைவின் ஆரம் 50 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 490. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 22.1. அதாவது, விநாடிக்கு 22.1 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இதுவே அந்த வளைவில் செல்லக்கூடிய மிக அதிக வேகம். காரின் நிறை இந்தக் கணக்கில் இருபுறமும் அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள்.

இப்போது புதுப்பிப்பு வந்து, உராய்வுக் குணகத்தை 0.9 ஆக்கிவிட்டது என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. பெருக்கினால் 441, வர்க்கமூலம் சரியாக 21. அதாவது, மணிக்கு ஏறத்தாழ 76 கிலோமீட்டர். 'நான்கு கிலோமீட்டர்தானே, இதில் என்ன வந்துவிடும்?' என்று தோன்றுகிறது அல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் பிரேக்கும் அதே உராய்வைத்தான் நம்பியிருக்கிறது. கார் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருகிறது. பழைய விதிப்படி, வளைவுக்கு 57 மீட்டர் முன்னால் பிரேக் பிடித்தால் வேகம் 80 ஆகக் குறைந்துவிடும். தம்பியின் நோட்டில் இருந்த "மஞ்சள் பலகை" இத்தகைய ஓர் இடம்தான். புதிய விதியில் அதே பலகையில் பிரேக் பிடித்தால், கார் வளைவை அடையும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டராக இருக்கும்! வளைவு அனுமதிப்பதோ 76. அந்த வேகத்தில் திரும்ப 68 மீட்டர் ஆரமுள்ள வளைவு வேண்டும். இருப்பது 50 மீட்டர்தான். பின் புல்வெளிக்குப் போகாமல் கார் வேறெங்கே போகும்?

பழைய வேகக் குறைவு நான்கு. புதிய பிழை பன்னிரண்டு. பிரேக்கில் நேர்ந்த குறையும் திருப்பத்தில் நேர்ந்த குறையும் ஒன்றாகச் சேர்ந்து கொண்டன. வளைவுக்கு 66 மீட்டர் முன்பே பிரேக் பிடித்திருந்தால், கார் ஒழுங்காகத் திரும்பியிருக்கும். ஒன்பது மீட்டர் வித்தியாசம்தான்!

டயரின் மாதச் செலவு

வீட்டில் அம்மா மாதச் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்குகிறார்கள். மளிகைக்கு அதிகம் போனால் துணிமணிக்குக் குறையும். டயரும் அப்படியே. அதனிடம் உள்ள பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. அதிலிருந்துதான் பிரேக்குக்கும் கொடுக்க வேண்டும், திருப்பத்துக்கும் கொடுக்க வேண்டும்.

ஆனால் இங்கே சாதாரணக் கழித்தல் கணக்கு செல்லாது. பிரேக் விசை பின்னோக்கி இழுக்கிறது; திருப்பும் விசை பக்கவாட்டில் இழுக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. எனவே நமக்கு நன்கு பழக்கமான பிதாகரஸ் தேற்றத்தை இங்கே பயன்படுத்த வேண்டும். டயரின் மொத்தப் பிடிப்பு 100 என்றால், 80ஐப் பிரேக்குக்குக் கொடுத்த பிறகும் திருப்பத்துக்கு 60 மிஞ்சும். ஏனெனில் 80இன் வர்க்கமும் 60இன் வர்க்கமும் சேர்ந்தால் 100இன் வர்க்கம். ஆனால் 100ஐயும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திருப்பத்துக்கு எதுவும் இல்லை. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும்.

பழைய விதியில் தம்பி பிரேக்கை விடாமலே திருப்புவான், கார் பொறுத்துக்கொண்டது. விதி மாறியதும், பிடிப்பு குறைந்துவிட்டது, செலவு மட்டும் குறையவில்லை. வரவு குறைந்த மாதத்திலும் பழையபடி செலவு செய்தால் குடும்பம் என்ன ஆகுமோ, அதுவே காருக்கும் ஆயிற்று.

இடம் மாறும் எடை

பேருந்து ஓட்டுநர் திடீரென்று பிரேக் பிடித்தால் நாம் முன்னால் சாய்கிறோம். காரும் அவ்வாறே முன்பக்கம் அழுந்துகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்றில், முன் சக்கரங்கள் 600 கிலோவையும் பின் சக்கரங்கள் 600 கிலோவையும் தாங்குகின்றன என்க. ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர். சக்கரங்களின் இடைவெளி இரண்டரை மீட்டர். பிடிப்பு முழுவதையும் பயன்படுத்திப் பிரேக் பிடித்தால், 240 கிலோ அளவுக்கு எடை பின்னாலிருந்து முன்னால் போகும். முன் சக்கரங்களில் 840; பின் சக்கரங்களில் 360 மட்டுமே.

பின் டயர்கள் இவ்வாறு லேசாக இருக்கும் நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், காரின் பின்பகுதி சறுக்கிச் சுழன்றுவிடும். விளையாட்டின் தயாரிப்பாளர்கள் ஈர்ப்பு மையத்தின் உயரத்தை 0.5இலிருந்து 0.4 ஆகக் குறைத்தால், இடம் மாறும் எடை 192 கிலோவாகக் குறையும். கார் அடக்கமாக நடந்துகொள்ளும். உயர்த்தினால் முரட்டுத்தனம் கூடும். பத்து சென்டிமீட்டருக்குள் இவ்வளவு குண வேறுபாடு!

எச்சரிக்கும் டயரும் எச்சரிக்காத டயரும்

டயர் சற்றே சறுக்கும்போதுதான் அதன் பிடிப்பு உச்சத்தை அடைகிறது. அந்த உச்சத்தைத் தாண்டினால் பிடிப்பு குறையத் தொடங்கும். எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதே முக்கியம். மெல்லக் குறையும் டயர், முதலில் எச்சரித்துவிட்டுப் பிறகு தண்டிக்கும் ஆசிரியையைப் போன்றது. திருந்துவதற்கு அவகாசம் உண்டு. சட்டென்று குறையும் டயரோ, முதல் தவறுக்கே வகுப்புக்கு வெளியே நிறுத்தும் ஆசிரியையைப் போன்றது! ஒரு விளையாட்டு 'கடினமானது' அல்லது 'எளிதானது' என்று பெயர் எடுப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். உச்ச அளவை மாற்றாமல் அதற்குப் பின் வரும் சரிவை மட்டும் மாற்றினாலும், ஓட்டுபவரின் கை புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

வளர்ந்து வந்த கதை

இந்த விளையாட்டுகளில் ஆரம்பத்திலேயே இவ்வளவு நுட்பம் இருக்கவில்லை. 1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'போல் பொசிஷன்' என்னும் விளையாட்டில், ஃபூஜி பந்தயப் பாதையில் கார் ஓட்டலாம். வளைவில் வேகம் மிகுந்தால் கார் வெளிப்புறம் ஒதுங்கும். கணக்கு ஏறக்குறைய அவ்வளவே. 1989இல் அடாரி கேம்ஸ் வெளியிட்ட 'ஹார்ட் டிரைவிங்' உண்மைக் காரின் இயக்கத்தைப் பின்பற்ற முயன்றது. விளையாடுபவரின் கையில் ஸ்டீயரிங் எதிர்விசையையும் காட்டியது. 1997 டிசம்பரில் கசுனோரி யமாவுச்சியின் குழுவினர் ஜப்பானில் வெளியிட்ட 'கிரான் டூரிஸ்மோ' ஏராளமான கார்களுக்குத் தனித்தனிக் குணம் கொடுத்துப் புகழ் பெற்றது. 1998இல் வந்த 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார்களைக் காட்டியது. காற்றின் உதவியால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அக்கார்களில் இல்லை. மிகக் கடினமான விளையாட்டு என்று அது பெயரெடுத்தது.

இக்கணக்குகள் உண்மைக்கு எவ்வளவு நெருங்கின என்பதற்கு ஒரு சான்று உண்டு. 'கிரான் டூரிஸ்மோ' ஓட்டுபவர்களிலிருந்து உண்மையான பந்தய ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டி 2008இல் தொடங்கியது. 2011இல் அதில் வென்ற இங்கிலாந்து இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013இல் பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

ஆயினும் விதியை மாற்றுவது விளையாட்டான காரியம் அன்று. 2022இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ 7'க்கு 2024 ஜூலையில் ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் கணக்குகள் திருத்தப்பட்டன. அப்போது சில கார்கள் பந்துபோல் துள்ளி வானத்தில் பறந்தன! தயாரிப்பாளர்கள் விரைவில் அதைச் சரிசெய்தார்கள். உண்மையான சுருள்வில், தான் வாங்கிய ஆற்றலுக்கு மேல் ஒரு துளியும் திருப்பித் தர முடியாது. ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் தராது. கணிப்பொறிக்குள்ளோ, கணக்கு பிசகினால் இல்லாத ஆற்றலும் பிறந்துவிடும். இறைவன் படைத்த இயற்கையில் அத்தகைய பிசகு இல்லை என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

தம்பி கற்ற பாடம்

மீண்டும் என் தம்பியிடம் வருகிறேன். இந்தக் கணக்குகளை அவனுக்குப் புரியும் வகையில் சொன்னேன். பிறகு இருவரும் ஒரு சோதனை செய்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஆய்வகத்தில் நமக்குக் கற்பிக்கும் முறை அதுதானே? முதலில், மஞ்சள் பலகைக்குப் பத்து மீட்டர் முன்பே பிரேக் பிடித்தான். அடுத்து, கார் நேராகப் போகும்போதே பிரேக்கின் வேலையை முடித்து, மெல்ல விட்டுவிட்டுத் திருப்பினான். கடைசியில், வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்சிலேட்டரைச் சிறிது சிறிதாகக் கூட்டினான். மாலைக்குள் கார் பாதையிலேயே நின்றது.

பழைய நேரத்தை அவனால் எட்ட முடியவில்லை. அதற்காக வருந்தினான். "அது வேறு விதியில் எடுத்த நேரம், இதோடு அதை ஒப்பிடக் கூடாது" என்று தேற்றினேன். அவன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினான். இம்முறை "இந்த இடத்தில் பிரேக்" என்று மட்டும் எழுதவில்லை. "ஏன்" என்றும் எழுதினான். மீண்டும் ஒருநாள் விதி மாறினால், இடம் பொய்யாகும், காரணம் பொய்யாகாது.

இதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வினாவையும் விடையையும் உருப்போட்டு, வினாவில் ஓர் எண் மாறினால் விழிக்கிறேனே, நானும் மஞ்சள் பலகையைத்தானே மனப்பாடம் செய்து கொண்டிருந்தேன்?

முடிவுரை

விளையாட்டில் விதி மாறினால் முன்னறிவிப்பு வருகிறது. கார் கவிழ்ந்தாலும் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். நம் சாலையில் அந்த இரண்டும் இல்லை. ஒரு மழை, கொஞ்சம் மணல், சிந்திய எண்ணெய், தேய்ந்த டயர்: இவற்றில் ஏதேனும் ஒன்று உராய்வைச் சொல்லாமல் கொள்ளாமல் குறைத்துவிடும். உராய்வுக் குணகம் 0.8ஆக இருக்கையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 18 மீட்டரில் நிற்கும். அது 0.4ஆகப் பாதி குறைந்தால், 35 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆனால், அதற்குள்ளேயே வண்டி 17 மீட்டர் ஓடிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலக் காலைகளில், பிரார்த்தனை மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு வந்துவிட வேண்டுமென்று, ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து, "அப்பா, வேகமாகப் போங்கள், நேரமாகிறது" என்று அவசரப்படுத்துவது என் வழக்கம். அப்பாவும் எனக்காக வேகத்தைக் கூட்டுவார். இந்தக் கணக்கைப் போட்ட நாள் முதல் நான் அப்படிச் சொல்வதில்லை. பத்து நிமிடம் முன்னதாக எழுந்துகொள்கிறேன். ஒன்பது மீட்டர் முன்பே பிரேக் பிடிப்பது போலத்தான் இதுவும்!

அன்புத் தோழியரே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் அதன் விதையை எடுத்து நட்டால், காய் நிச்சயம் காய்க்கும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி